ஏரிக்கரை மண்ணைத் தரச் சோதனையில் பாஸ் ஆக்கிய அனுபவம்

செங்குன்றம் பக்கம் ஒரு குடிநீர் ஏரியின் கரையை உயர்த்தும் வேலை. தரக்கட்டுப்பாடு என் பொறுப்பு. புழல் ஏரியில் 3,300 மில்லியன் கன அடி தண்ணீரைத் தாங்கி நிற்பதும் மண்கரைதான் என்பதால், மண் என்றால் எனக்கு இளக்காரம் இல்லை.

பாதி நாள் ஈரத்தோடுதான் மல்லுக்கட்டு. ஒவ்வொரு மண்ணும் குறிப்பிட்ட ஈரத்தில்தான் நன்றாக இறுகும். அதை லேபில் ப்ராக்டர் சோதனை சொல்லிவிடும்: 1,000 கன செ.மீ. அச்சில் மூன்று அடுக்காக மண், அடுக்குக்கு 2.6 கிலோ சம்மட்டியால் 25 குத்து. ஈரத்தைக் கூட்டிக்கொண்டே போனால் அடர்த்தி ஏறி, ஓரிடத்தில் இறங்கத் தொடங்கும். அந்த உச்சம்தான் கணக்கு. களத்தில் அதில் 98 சதவீதம் வர வேண்டும்.

ஆனால் ஜி.என்.டி. ரோட்டு நெரிசலில் டிப்பர் வந்து சேர்வதற்குள் மேல்மண் காய்ந்துவிடும். மண்ணை இறுக்கும் குமிழ் பதித்த ஷீப்ஃபுட் ரோலரை ஓட்டும் அண்ணன், "பாறை மாதிரி இருக்கு சார், இன்னும் என்ன?" என்பார். காய்ந்த களிமண் அப்படித்தான் ஏமாற்றும். கட்டிகளுக்கு நடுவே பொந்து இருக்கும். தண்ணீர் ஏறினால் அமுங்கிவிடும். கோர் கட்டர் என்ற இரும்புக் குழாயை அடித்து இறக்கி, அதில் வந்த மண்ணை எடை போட்டால் குட்டு வெளிப்படும். அப்புறம் என்ன, கிளறு, தண்ணீர் தெளி, மறுபடி ரோலர்.

மழை கறுத்தால் மேல்பரப்பைச் சரிவாக்கி வழவழவென்று உருட்டிவிடுவோம். மறுநாள் அதைக் கீறிவிட்டுத்தான் அடுத்த அடுக்கு. கீறாமல் விட்டால் இரண்டு அடுக்குக்கும் நடுவே தண்ணீர் வழி தேடிக்கொள்ளும்.

பெரிய சண்டை வடிகட்டி மணலுக்கு. கசியாத மண்கரை கிடையாது. கசிவு மண்ணை இழுத்துப் போகாமல் இருக்கத்தான் தண்ணீர் நிற்காத பக்கமான பின்சரிவின் அடியில் மணல், ஜல்லி, கற்குவியல் என்று வரிசையாக வைக்கிறோம். மணல் பெரிதானால் களி நழுவிவிடும், பொடியானால் தண்ணீர் வடியாது. வந்த லோடில் தூசி அதிகம், சல்லடையில் தேறவில்லை. "அப்பார்ட்மென்ட் பூச்சுக்கு இதே மணல்தான் சார் போகுது" என்றார் சப்ளையர். பூச்சுக்குப் போகட்டும் என்று திருப்பி அனுப்பினோம். அதில் ஒரு வாரம் போனது. நியாயமான வாரம்.

முன்சரிவில் அலை அரிக்காமல் இருக்கக் கல் பாவும் வேலை மட்டும் மழைக்குப் பிறகு முடிந்தது. இப்போது பின்பக்க வடிகாலில் கசிவை அளக்கிறோம். தெளிவாக வந்தால் அளவைக் குறித்துக்கொள்வோம். கலங்கலாக வந்தால், சொட்டாக இருந்தாலும் அன்றைக்கே மேலிடத்துக்கு போன்.