பத்தாம் திகதிக்குள் இருபது

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம் ஒரு பாடசாலையில் பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு வணிகம் படிப்பிக்கிறேன். புதிய தொழில் யோசனை ஒன்று எழுதுங்கள் என்றால் வருஷா வருஷம் அதே நாலுதான் வரும்: கோழிப் பண்ணை, காளான், பேக்கரி, பியூட்டி பார்லர். பிள்ளைகளிடம் யோசனை இல்லை என்று நான் நம்பவில்லை. வாயைத் திறந்ததும் "அதெல்லாம் சரிவராது" என்று யாராவது சொல்லிவிடுவார்கள், அந்தப் பயம்தான். நானே பல தடவை அப்படிச் சொல்லியிருக்கிறேன்.

அதனால் இந்த முறை யோசிப்பதையும் எடைபோடுவதையும் தனித்தனி வாரமாகப் பிரித்தேன். யோசனை வந்துகொண்டிருக்கும்போது தீர்ப்புச் சொல்லாதே என்பது அலெக்ஸ் ஒஸ்போர்ன் என்ற அமெரிக்க விளம்பரக்காரர் 1940களிலேயே எழுதிவைத்த விதி. நான் இன்னும் ஒரு படி பின்னால் போனேன். தொழில் என்ற பேச்சையே எடுக்காமல், வீட்டில் யார் எதற்கு முணுமுணுக்கிறார்கள் என்று ஒரு கிழமை காது கொடுத்துக் கேட்டு கொப்பியில் எழுதி வரச் சொன்னேன்.

வந்தது பாருங்கள்! மழை மாதத்தில் யூனிபோம் காயாது, மருந்துப் பைக்கற்றில் சிங்களத்தில் எழுதியிருப்பது பாட்டிக்குப் புரியாது, கடைசி பஸ்ஸை விட்டால் ஓட்டோவுக்குக் கொட்டிக் கொடுக்க வேண்டும். தேயிலைத் தோட்டத்தில் கூடையைத் தலையில் கயிற்றால் மாட்டிக்கொண்டு கொழுந்து பறிக்கும் தன் அம்மாவைப் பற்றி ஒரு பிள்ளை ஒரே வரிதான் எழுதியிருந்தாள்: "அம்மாவுக்குக் கூடைக் கயிறு தலையை அறுக்குது."

அடுத்த கிழமை அவளே கயிற்றுக்கும் தலைக்கும் நடுவில் வைக்க ஒரு பட்டி தைத்துக்கொண்டு வந்தாள். பழைய சாரித் துணி, உள்ளே ஸ்பொஞ்ச், கயிறு வழுக்காமல் இருக்க நடுவில் ஒரு மடிப்பு. வகுப்பே கைதட்டியது. ஆனால் கைதட்டுகிறவர்கள் காசு கொடுத்து வாங்குகிறவர்கள் இல்லையே. கொழுந்து நிறுக்கும் இடத்துக்குப் போய்ப் பத்துப் பேரிடம் காட்டு, நல்லாயிருக்கா என்று கேட்காதே, என்ன விலைக்கு வாங்குவீங்க என்று கேள் என்று அனுப்பினேன். திரும்பி வந்து சொன்னாள்: "நூறு ரூபான்னா எடுப்பாங்க சேர், அதுக்கு மேல மாட்டாங்க. அதுவும் பத்தாம் திகதி சம்பளம் போட்டப்புறம்தான்." தோட்டத்தில் எந்த வியாபாரத்துக்கும் இந்தத் திகதிதான் உயிர்நாடி, பாடப் புத்தகத்தில் இது இல்லை.

பிறகு கரும்பலகையில் கணக்கு. ஒரு பட்டிக்குச் சாமான் 45 ரூபாய். ஸ்பொஞ்ச் வாங்க ஹட்டனுக்குப் போய்வர பஸ்ஸுக்கு 120. ஐந்து பட்டிக்கு மட்டும் வாங்கினால் ஒன்றின் தலையில் 24 ரூபாய் ஏறும், இருபதுக்குச் சேர்த்து வாங்கினால் 6 தான். அப்போது ஒன்றுக்கு 49 ரூபாய் மிஞ்சும். எல்லோருக்கும் சந்தோஷம்.

"தைக்க எவ்வளவு நேரம்?" என்று கேட்டேன். நாற்பது நிமிஷமாம். இது 2025இல், தோட்டத்தில் நாட்சம்பளம் 1,350 ரூபாயாக இருந்தபோது. எட்டு மணித்தியாலத்தால் பிரித்தால் அவள் அம்மாவுக்கு மலையில் நாற்பது நிமிஷத்துக்கு 112 ரூபாய் வருகிறது. மகள் அதே நேரம் குனிந்து தைத்து 49. வகுப்பு அப்படியே அமைதியாகிவிட்டது. தன் உழைப்புக்கும் விலை உண்டு என்று நான் பத்து வருஷமாகப் பலகையில் எழுதுகிறேன், அது பிள்ளைகளுக்கு உறைத்தது அன்றைக்குத்தான்.

அந்த யோசனை அங்கேயே முடிந்தது என்று நினைத்தேன். அவள் விடவில்லை. துணியைப் பத்துப் பத்தாக அடுக்கி ஒரே வெட்டில் வெட்டி, பக்கத்து லயத்துத் தையல் மெசினில் அடித்துப் பார்த்திருக்கிறாள். ஒன்றுக்குப் பதினைந்து நிமிஷம். அந்த நேரத்துக்கு மலையில் 42 ரூபாய், இதில் 49.

மெசினைச் சனிக்கிழமை மட்டும்தான் தருவார்களாம். பத்தாம் திகதிக்குள் இருபது தைக்க ஐந்து மணித்தியாலம் வேண்டும், இரண்டு சனிக்கிழமை போதும் சேர் என்று கொப்பியில் கோடு போட்டுக் காட்டினாள்.