வால் வாய்க்குள், தலை வெளியே

ஜனவரி 19, 2025, ஞாயிறு

விடியும்போதே தாமிரபரணிக் கரைக்குப் போய்விட்டேன். திருநெல்வேலிக்குக் கிழக்கே ஒரு வளைவு. மேகம் கவிந்து வெளிச்சம் மந்தமாக இருந்தது. ஒரு கருப்பு வெள்ளை மீன்கொத்தி தண்ணீருக்கு மேல் ஒரே இடத்தில் சிறகடித்தபடி நின்றது, சட்டென்று தலைகீழாகப் பாய்ந்தது. மீனோடு எழுந்து என்னைக் கடந்து போவதற்குள் பதினோரு படம் எடுத்தேன். பத்து தேறாது. பதினோராவதை அழிக்க மனசு வரவில்லை.

அதிலும் குறைக்குக் குறைவில்லை. இடது இறக்கை நுனி வெட்டுப்பட்டிருக்கிறது. ஷட்டர் வேகம் 1/1000 நொடி. அந்தச் சிறகடிப்புக்குப் போதவில்லை. வெளிச்சம் போதாமல் ஐ.எஸ்.ஓ.வை (கேமராவின் ஒளி உணர்திறன்) 6400-க்கு ஏற்றியதில் ஒரே மணல் மணலாக இருக்கிறது. நிழலில் இருந்த நீர்க்காகத்துக்காக ஏற்றிய எக்ஸ்போஷரை இறக்க மறந்ததில் கழுத்து வெள்ளை வெளிறிவிட்டது. இதெல்லாம்கூடப் பரவாயில்லை, கண்தான். பறவை லேசாக என் பக்கம் திரும்பியதில் தலை முன்னே வந்து, ஃபோகஸ் மார்பில் விழுந்துவிட்டது. 600 மி.மீ. லென்ஸில் அவ்வளவு பக்கத்தில் கூர்மையாக விழும் ஆழம் ஒரு சாண்கூட வராது.

ஜனவரி 20, திங்கள்

வேலை முடிந்து வந்து ரா ஃபைலை, அதாவது கேமரா சுருக்காமல் பதிந்த மூலக் கோப்பைத் திறந்தேன். வெளிச்சமான பகுதிகளை இறக்கியதும் கழுத்தில் இறகு இறகாகத் திரும்பி வந்தது. சுருக்கிச் சேமிக்கும் ஜேபெக்கில் எடுத்திருந்தால் அது போனது போனதுதான். மணலும் ஓரளவு அடங்கியது.

கண் மட்டும் அசையவில்லை. கூர்மையைக் கூட்டக் கூட்ட அலகைச் சுற்றி வெள்ளைக் கோடுதான் வந்தது. செயற்கை நுண்ணறிவுக் கருவியில் போட்டேன். பளிச்சென்று ஒரு கண் வந்தது, நடுவில் ஒளிப்புள்ளியோடு. ரா ஃபைலில் அப்படி ஒரு புள்ளியே கிடையாது. அழகாகத்தான் இருந்தது, ஆனால் நான் பார்த்த பறவையின் கண் இல்லை. பழையபடி மாற்றிவிட்டேன். வெட்டுப்பட்ட இறக்கையை வரைந்து சேர்க்கவும் வழி இருக்கிறது. அதைத் தொடவே இல்லை.

ஜனவரி 23, வியாழன்

கண் கூர்மையாக இல்லையென்றால் படமே இல்லை என்று சொல்லித்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தார்கள். சரி, அழித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கடைசியாக ஒருமுறை பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் மீன் கண்ணில் பட்டது.

விரல் நீளக் கெண்டை. அதன் வால் அலகுக்குள், தலை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மீன்கொத்தி தனக்கென்றால் மீனைத் தலைப் பக்கமாகத்தான் விழுங்கும், அப்போதுதான் துடுப்பும் முள்ளும் மடங்கித் தொண்டையில் குத்தாமல் இறங்கும். தலையை வெளியே வைத்துக் கொண்டுபோனால் வாங்கிக்கொள்ள இன்னொரு வாய் காத்திருக்கிறது. ஜோடியாக இருக்கலாம், குஞ்சாகவும் இருக்கலாம். மார்பில் இரண்டு கருப்புப் பட்டை, அப்படியென்றால் ஆண். பெண்ணுக்கு ஒன்றுதான், அதுவும் நடுவில் விட்டிருக்கும்.

நாலு நாளாகக் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்து இதைக் கவனிக்காமல் விட்டிருக்கிறேன்.

ஜனவரி 26, ஞாயிறு

மறுபடி அதே இடம். வலை உதறிக்கொண்டிருந்த அண்ணாச்சியிடம் கேட்டேன். “ஒரு வாரமா அந்த மண்சரிவுப் பக்கம்தான் தம்பி போய்ட்டு வருது, வாயில மீனோட” என்றார். எதிர்க்கரையில் உட்கார்ந்து பைனாகுலரில் பார்த்தேன். சரிவின் மேல்பாதியில் கை நுழையும் அளவு ஒரு பொந்து. முக்கால் மணி நேரத்தில் இரண்டு தடவை ஒரு பறவை உள்ளே போய் வந்தது. கேமராவைப் பையிலிருந்து எடுக்கவில்லை. எந்த வளைவு என்றும் எழுதப் போவதில்லை. நாலு பேர் லென்ஸோடு கரையில் இறங்கினால் அது கூட்டையே விட்டுவிடும்.

பிப்ரவரி 2, ஞாயிறு

படத்தை முடித்தேன். வெளிறலை இறக்கினேன், மணலைப் பாதி மட்டும் தணித்தேன். முழுக்கத் தணித்தால் செதில் மெழுகு மாதிரி ஆகிவிடுகிறது. மீன் தெளிவாகத் தெரிகிற அளவுக்கு வெட்டினேன். இறக்கை நுனி வெட்டுப்பட்டது பட்டபடியே இருக்கிறது, கண்ணும் மங்கல்தான். போட்டிக்கெல்லாம் அனுப்பப் போவதில்லை.

பறவை பார்ப்பவர்கள் பதிவிடும் இ-பேர்டு தளத்தில் இடத்தை மறைத்துப் பதிவேற்றிவிட்டு, தரத்துக்கு ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம் கொடுத்தேன். குறிப்பில், “ஆண். மீனின் தலை வெளிப்பக்கம்” என்று எழுதியிருக்கிறேன். மற்ற பத்துப் படங்களையும் இன்னும் அழிக்கவில்லை. நாளைக்கு ஒவ்வொன்றாகப் பெரிதாக்கி, மீன் எப்போது திரும்பியது என்று பார்க்க வேண்டும்.