தெளிந்த நீர், பச்சை நிறம்

மீன்தொட்டியிலிருந்து எடுத்துச் சோதித்த, மஞ்சளாகவே நின்றிருக்க வேண்டிய சோதனைக்குழாய் நீர் இன்று காலை இளம்பச்சையாக மாறியது: மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா நீரில் சேர்ந்திருக்கிறது.

தொட்டி நீரோ பளிங்குபோல் தெளிவாக இருந்தது. கப்பிகள் என்னும் சின்ன அலங்கார மீன்கள்தாம் துடுப்புகளை ஒடுக்கிக்கொண்டு, நீர்ப்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூடின.

கப்பிக்குச் சற்றே கடினமான, பிஎச் (அமில-காரத் தன்மையின் அளவு) 7 முதல் 8 வரையுள்ள நீர்தான் ஒத்துக்கொள்ளும். சிக்கலும் அங்கேதான் இருக்கிறது: பிஎச் 7-லிருந்து 8-க்கு ஏறினால், அதே அம்மோனியாவில் நச்சாகும் பங்கு ஏறத்தாழ பத்து மடங்காகிறது.

அதற்காக பிஎச்சைக் குறைக்கும் மருந்தைத் தேடுவது வீண்வேலை என்பேன். அந்த ஏற்ற இறக்கமே மீனை வாட்டும். தீனியைக் குறைத்து, தொட்டி நீரில் கால் பங்கை எடுத்துவிட்டு, குளோரின் நீக்கிய நீரை ஊற்றி மாற்றினேன்; நாளையும் மாற்றுவேன். வடிகட்டிப் பஞ்சைத் தொடவில்லை, ஏனெனில் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் பெரும்பாலும் அதில்தான் குடியிருக்கின்றன.