என்ஹெச்எல் ஃப்ரீ ஏஜென்ட்டுக்கு எக்செல் தாளில் விலை போட்டுப் பார்த்தது

ஐஸ் ஹாக்கியின் வட அமெரிக்க லீகான என்ஹெச்எல்லில் ஆட்டக்காரர் சந்தை ஆண்டுதோறும் ஜூலை 1 அன்று, அமெரிக்கக் கிழக்கு நேரப்படி நண்பகலில் திறக்கும். ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரருக்கு 27 வயது ஆகியிருந்தால், அல்லது ஏழு சீசன் கணக்கில் சேர்ந்திருந்தால், அவர் ஃப்ரீ ஏஜென்ட், எந்த அணியோடும் பேசலாம். ஐபிஎல் ஏலம் பார்த்துப் பழகியவர்கள் முதலில் தொகையைத்தான் பார்ப்பார்கள். இங்கே தொகையைவிட ஆண்டுகள்தான் அணியைக் கடிக்கும். அதனால் இந்த எக்செல் தாளின் நோக்கம் இரண்டு: இவருக்கு ஆண்டுக்கு எவ்வளவு, அதை எத்தனை ஆண்டுக்குக் கொடுக்கலாம்.

தேவையான தரவு மூன்று இடங்களில் கிடைக்கும். ஒப்பந்த விவரத்துக்கு பக்பீடியா. ஐந்துக்கு ஐந்து ஆட்டத்தின் புள்ளிவிவரத்துக்கு நேச்சுரல் ஸ்டாட் ட்ரிக். ஷாட்டின் தரத்தை அளக்கும் எக்ஸ்பெக்டட் கோலுக்கு மணிபக். முன்பு ஒப்பந்தத்துக்கு எல்லோரும் போன கேப்ஃப்ரெண்ட்லியை 2024இல் வாஷிங்டன் கேப்பிடல்ஸ் அணி வாங்கி, பொதுமக்களுக்கு மூடிவிட்டது. ஒரு ரசிகர் தளத்தை ஓர் அணியே விலை கொடுத்து வாங்குகிறது என்றால் இந்தக் கணக்குக்கு எவ்வளவு மதிப்பு என்று புரிந்துகொள்ளலாம்.

டாலரை அழித்துவிட்டு சதவீதம் போடுவது

தாளில் முதலில் செய்ய வேண்டிய வேலை, ஒவ்வொரு சம்பளத்தையும் அது தொடங்கிய ஆண்டின் சாலரி கேப்பால் (ஓர் அணி சம்பளத்துக்குச் செலவிடக்கூடிய உச்ச வரம்பு) வகுப்பது. 2019இல் ஆர்ட்டெமி பனாரின் நியூயார்க் ரேஞ்சர்ஸில் ஆண்டுக்கு 11.64 மில்லியன் டாலருக்கு ஏழு ஆண்டு கையெழுத்திட்டார். அப்போது கேப் 81.5 மில்லியன், ஆக 14.3 சதவீதம். 2025இல் மிட்ச் மார்னர் வேகாஸுக்கு 12 மில்லியனுக்குப் போனார். கேப் 95.5 மில்லியன், ஆக 12.6 சதவீதம். தொகையில் மார்னர் மேலே, உண்மை விலையில் பனாரின் மேலே. பழைய ஒப்பந்தங்களை டாலரிலேயே வைத்து ஒப்பிட்டால் எல்லாப் புது ஒப்பந்தமும் கொள்ளையாகத்தான் தெரியும்.

ஒரு கோலின் விலை

ஒவ்வொரு அணியிலும் 23 பேர். எல்லோருக்கும் 2025-26இன் குறைந்தபட்சச் சம்பளமான 7.75 லட்சம் டாலர் கொடுத்தால் 17.8 மில்லியன் ஆகும். 95.5இல் அதைக் கழித்தால் மிச்சம் 77.7 மில்லியன், அதாவது கேப்பில் 81.3 சதவீதம். குறைந்தபட்சச் சம்பளத்துக்குக் கிடைக்கும் மாற்று ஆட்டக்காரர்களை மட்டும் வைத்து ஓர் அணி கட்டினால், அது சராசரி அணியைவிட ஒரு சீசனில் 100 கோல் பின்தங்கும் என்று தாளில் வைத்திருக்கிறது. இது அனுமானம்தான், 90 என்றோ 110 என்றோ மாற்றி விளைவைப் பார்க்கத் தனிக் கட்டம் வைப்பது நல்லது. 100 என்றால், அந்த 100 கோலை ஈடுகட்டத்தான் மிச்சமுள்ள 81.3 சதவீதம் செலவாகிறது; ஆக ஒரு கோல் கேப்பில் 0.81 சதவீதம், 2025-26 கணக்கில் சுமார் 7.7 லட்சம் டாலர். ஏறக்குறைய ஆறு கோல் ஒரு வெற்றிக்குச் சமம் என்பதால் ஒரு வெற்றி 4.6 மில்லியன்.

இது நியாய விலை. சந்தை விலை இதற்கு மேலேதான் நிற்கும். இளைஞர்களின் முதல் ஒப்பந்தத்தில் போனஸ் தவிர்த்த சம்பளம் பத்து லட்சத்துக்குள் அடங்கிவிடுவதால், அங்கே மிச்சமாகும் பணமெல்லாம் ஜூலை 1 அன்று ஃப்ரீ ஏஜென்ட் பக்கம் பாயும். தாள் சொல்லும் விலையைவிட பத்து சதவீதம் அதிகம் போனால் பதற வேண்டாம். முப்பது சதவீதம் போனால் அந்த அணி எதையோ நம்புகிறது என்று பொருள். அது என்ன என்று தேடுவதுதான் சுவாரஸ்யம்.

ஆட்டக்காரரைக் கோலாக மாற்றுவது

29 வயதான, இரண்டாம் வரிசையில் ஆடும் ஒரு விங்கரை (ஓரத்தில் ஆடும் முன்கள ஆட்டக்காரர்) எடுத்துக்கொள்வோம். கற்பனை ஆள்தான், ஆனால் ஒவ்வொரு ஜூலையிலும் இப்படி நாலைந்து பேர் சந்தைக்கு வருவார்கள்.

80 ஆட்டம், ஐந்துக்கு ஐந்தில் ஆட்டத்துக்கு 13 நிமிடம்: மொத்தம் 1,040 நிமிடம், அதாவது 17.3 மணி நேரம். மணிக்கு இவர் 1.9 பாயிண்ட் எடுக்கிறார், மாற்று ஆட்டக்காரர் 1.1 எடுப்பார் என்று வைக்கலாம். வித்தியாசம் 0.8, 17.3ஆல் பெருக்கினால் சுமார் 14 பாயிண்ட். ஒரு கோலுக்கு அடித்தவருக்கு ஒரு பாயிண்ட், உதவியவர்களுக்குச் சராசரியாக 1.7 பாயிண்ட் போகிறது. ஆகவே ஒரு பாயிண்ட் என்பது 0.37 கோல். 14 பாயிண்ட் 5.1 கோலாகிறது.

பவர் பிளேயில் ஆட்டத்துக்கு 2.5 நிமிடம், மொத்தம் 200 நிமிடம். இங்கேதான் பெரும்பாலானவர்கள் வழுக்குவார்கள். எதிரணியில் ஓர் ஆள் குறைவாக இருக்கும்போது யாரை இறக்கினாலும் பாயிண்ட் விழும், அதனால் மாற்று ஆட்டக்காரரின் அளவையும் உயர்த்தியாக வேண்டும்: இவருக்கு மணிக்கு 5, அவருக்கு 3.5. வித்தியாசத்தில் வருவது 5 பாயிண்ட், அதாவது 1.9 கோல் மட்டும். பவர் பிளேயில் 25 பாயிண்ட் எடுத்தவரை 25 பாயிண்டுக்குரிய விலைக்கு வாங்குவது போன்ற வீண் செலவு இந்தச் சந்தையில் வேறில்லை.

தற்காப்புக்கு, இவர் ஐஸில் இருக்கும்போது அணி விட்டுக்கொடுக்கும் எக்ஸ்பெக்டட் கோல், இவர் வெளியே இருக்கும்போது விட்டுக்கொடுப்பதைவிட மணிக்கு 0.3 குறைவு என்று கொள்வோம். 17.3 மணிக்கு 5.2. ஐந்து பேர் சேர்ந்து செய்தது என்பதால் 40 சதவீதத்தை மட்டும் இவர் கணக்கில் எழுதினால் 2 கோல். மொத்தம் 9.

அதிர்ஷ்டத்தைக் கழிப்பது

மேலே சொன்ன எண்கள் எதையும் ஒரே சீசனிலிருந்து எடுக்கக் கூடாது. கடந்த மூன்று சீசன்களுக்கு 5, 3, 2 என்று எடை கொடுத்தால் போதும். 2016 ஜூலை 1 இதற்குப் பாடப்புத்தகம். அன்று வான்கூவர் லூயி எரிக்சனுக்கு ஆறு ஆண்டு, ஆண்டுக்கு 6 மில்லியன் கொடுத்தது. பாஸ்டனில் அதற்கு முந்தைய மூன்று சீசன்களில் அவர் அடித்தது 10, 22, 30. கடைசி எண்ணைப் பார்த்தால் 30 கோல் ஆள், எடை போட்டால் 23.6. வான்கூவரில் முதல் சீசனில் வந்தது 11. அதே நாளில் மிலான் லூசிச், ஆண்ட்ரூ லாட், டேவிட் பேக்கஸ், கைல் ஒக்போசோ, ஃபிரான்ஸ் நீல்சன் எல்லோரும் ஐந்து முதல் ஏழு ஆண்டு ஒப்பந்தம் வாங்கினார்கள். அந்தப் பட்டியலை ஒரு மூலையில் ஒட்டி வைத்திருப்பது நல்லது.

ஷூட்டிங் சதவீதத்துக்கு இன்னொரு திருத்தம் தேவை. ஆட்டக்காரரின் கணக்கில் கற்பனையாக 200 ஷாட்டும், லீக் சராசரியான 10 சதவீதத்தில் 20 கோலும் சேர்த்துவிட்டு வகுக்க வேண்டும். சாம் ரெய்ன்ஹார்ட் 2023-24இல் ஃபுளோரிடாவுக்காக 233 ஷாட்டில் 57 கோல் அடித்தார், 24.5 சதவீதம். திருத்தினால் 77 வகுத்தல் 433, அதாவது 17.8 சதவீதம், அதே அளவு ஷாட்டுக்கு 41 கோல். அடுத்த சீசனில் அவர் அடித்தது 39. ஃபுளோரிடாவும் 57 கோலுக்கு விலை போடவில்லை. எட்டு ஆண்டுக்கு 8.625 மில்லியன், கேப்பில் 9.8 சதவீதம்.

இந்தத் திருத்தம் எல்லா நேரமும் காப்பாற்றாது. ஜோனதன் மார்ஷசோ வேகாஸில் கடைசி மூன்று சீசனில் 30, 28, 42 கோல். எடை போட்டால் 35. 33 வயதுக்காகக் கொஞ்சம் கழித்தால் 32 வரும். 2024இல் நாஷ்வில்லுக்கு ஐந்து ஆண்டு, 5.5 மில்லியனுக்குப் போய் அவர் அடித்தது 21. கூடவே 8 மில்லியனுக்குப் போன ஸ்டீவன் ஸ்டாம்கோஸ் 40இலிருந்து 27க்கு இறங்கினார். இருவரும் ஒரே நேரத்தில் சரிந்ததை வயது மட்டும் விளக்காது. டம்பாவில் ஸ்டாம்கோஸுக்குப் பாஸ் கொடுத்தவர் நிகிதா குச்செரோவ். லீக்கிலேயே முதலிடத்தில் இருந்த பவர் பிளே அது. அதனால் தாளில் ‘கூட்டாளி’ என்று ஒரு நெடுவரிசை அவசியம்: அதிக நிமிடம் சேர்ந்து ஆடிய இருவர் யார், அவர்கள் இல்லாத நிமிடங்களில் இவரது எண் என்ன. அப்படிப்பட்ட நிமிடங்கள் 300க்குக் கீழே இருந்தால் அந்த எண்ணை நம்பாமல், விலையைச் சற்று இறக்குவதே பத்திரம்.

வயது, ஆண்டு, கேப்

நம் விங்கரின் 9 கோலை ஏழு ஆண்டுக்கு நீட்டுவோம். முப்பதுக்கு முன் சரிவு மெதுவாக இருக்கும், 33க்குப் பின் வேகமெடுக்கும். தாளில் போட்டது: 9, 8.5, 7.9, 7.3, 6.5, 5.7, 4.8. வெளியிடப்படும் வயது வளைவுகள் பல இதைவிட மென்மையாக இருக்கும். 34 வயதிலும் லீக்கில் இருப்பவர்களை மட்டும் அளந்தால் அப்படித்தான் வரும்; வீட்டுக்குப் போனவர்கள் அந்தச் சராசரியில் இல்லை.

அடுத்து கேப். 2025-26க்கு 95.5, அடுத்த இரண்டு சீசனுக்கு லீக் முன்கூட்டியே அறிவித்தது 104, 113.5. அதற்குப் பின் ஆண்டுக்கு 5 சதவீத வளர்ச்சி என்று வைத்தால், ஒவ்வோர் ஆண்டும் இவரது மதிப்பு மில்லியன் டாலரில் இப்படி வருகிறது: 7.0, 7.2, 7.3, 7.0, 6.6, 6.1, 5.4. சராசரி சுமார் 6.65, குறைந்தபட்சச் சம்பளத்தை (இனி உயரும் என்பதால் 8.5 லட்சம் என்று வைத்து) சேர்த்தால் 7.5 மில்லியன். நான்கு ஆண்டு மட்டும் என்றால் 8 மில்லியன்.

கவனிக்க வேண்டியது இதுதான்: ஆட்டம் முதல் ஆண்டிலிருந்தே இறங்குகிறது, ஆனால் டாலர் மதிப்பு நான்காம் ஆண்டு வரை முதல் ஆண்டின் அளவுக்குக் கீழே இறங்கவே இல்லை. கேப் ஏறுவது வயதை மூடி மறைக்கிறது. இன்றைய நீண்ட ஒப்பந்தங்கள் பாதிக்கு மேல் இந்த நம்பிக்கையில்தான் நிற்கின்றன.

கேப் ஏறாவிட்டால்? அதே ஆட்டக்காரர், அதே சரிவு, கேப் மட்டும் ஏழு ஆண்டும் 95.5இலேயே நின்றால், விலை 7.5இலிருந்து 6.3 மில்லியனுக்கு விழுகிறது. ஆட்டக்காரரை ஒன்றரைக் கோல் தப்பாக மதிப்பிட்டால் வரும் பிழைக்கு இது சமம். இது வெறும் பயமுறுத்தல் அல்ல. 2019 கோடையில் வளர்ச்சியை எதிர்பார்த்து ஒப்பந்தம் போட்டார்கள். கொரோனா வந்து கேப் மூன்று சீசன் 81.5இலேயே நின்றது, 2023-24இல்கூட 83.5தான். ஆக, எக்ஸ்பெக்டட் கோலின் மூன்றாம் தசம இலக்கத்துக்குச் சண்டை போடுவதைவிட, கேப் வளர்ச்சிக் கட்டத்தில் 0, 3, 5 என்று மூன்று எண் மாற்றிப் போட்டுப் பார்ப்பது அதிகம் சொல்லித்தரும்.

வெளியே வரும் வழி

விலை சரியாக இருந்தாலும், தப்பாகப் போனால் எப்படிக் கழற்றிவிடுவது என்பதற்கும் ஒரு கட்டம் வேண்டும். ஆட்டக்காரரைக் கீழ் லீக்குக்கு அனுப்பினால் கேப்பிலிருந்து குறைவது குறைந்தபட்சச் சம்பளமும் 3.75 லட்சமும் மட்டும், 2025-26இல் 1.15 மில்லியன். 6 மில்லியன் ஆள் என்றால் 4.85 மில்லியன் கேப்பிலேயே உட்கார்ந்திருக்கும்.

பையவுட்டில், அதாவது பணம் கொடுத்து ஒப்பந்தத்தை முன்கூட்டியே முடிப்பதில், மிச்சச் சம்பளத்தின் மூன்றில் இரண்டு பங்கை, மிச்ச ஆண்டுகளைப்போல் இரு மடங்கு காலத்துக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். 26 வயதுக்குக் கீழ் என்றால் மூன்றில் ஒரு பங்கு. கையெழுத்து போனஸில் மட்டும் ஒரு டாலர்கூடக் குறையாது. ஆகவே ஒப்பந்தத்தைப் படிக்கும்போது மொத்தத்தைப் பார்ப்பதற்கு முன், கடைசி மூன்று ஆண்டில் எவ்வளவு போனஸ் என்று பாருங்கள். அங்கே போனஸ் நிறைய இருந்தால் அது கழற்றவே முடியாத ஒப்பந்தம். ஜாக் பரிசே, ரையன் சூட்டர் இருவரையும் மினசோட்டா 2021இல் பையவுட் செய்தது. 2023-24, 2024-25 இரண்டு சீசனிலும் ஐஸில் இல்லாத அந்த இருவருக்காக கேப்பில் 14.7 மில்லியன் போனது.

தன்னை வேறு அணிக்கு மாற்றுவதை ஆட்டக்காரர் மறுக்கும் உரிமைக்குத் தனி விலை போடுவது கடினம். முழு உரிமை கடைசி ஆண்டு வரை நீடித்தால், தாளில் ஆண்டுக்கு 3 சதவீதம் கழிப்பது தோராயமான வழி. வரியும் உண்டு: ஃபுளோரிடா, டெக்சஸ், நெவாடா, டென்னசி மாநிலங்களில் மாநில வருமான வரி இல்லை. அதனால் அங்கே உள்ள அணிகள் கொஞ்சம் குறைத்துக் கேட்கலாம். ஆனால் வெளியூர் ஆட்டங்களுக்கு அந்தந்த ஊர்களில் வரி உண்டு, சலுகை பேசப்படும் அளவுக்குப் பெரிதல்ல.

கோலிகளுக்கு இந்தத் தாள் ஆகாது

கோலி, அதாவது கோல் காப்பாளர், செர்கெய் பாப்ரோவ்ஸ்கி 2019இல் ஃபுளோரிடாவுக்கு ஏழு ஆண்டு, 10 மில்லியனுக்கு வந்தார். முதல் சீசனில் சேவ் சதவீதம் (தடுத்த ஷாட்டுகளின் பங்கு) .900, அப்போது எந்தத் தாளும் அதை மோசமான ஒப்பந்தம் என்றே சொல்லியிருக்கும். 2024, 2025 இரண்டு ஸ்டான்லி கோப்பையும் அவர் கோல்முனையில் நிற்கும்போதுதான் வந்தன. கோலியின் எண் ஆண்டுக்கு ஆண்டு இப்படி ஆடுவதால், மூன்று ஆண்டுக்கு மேல் போகாதே என்று மட்டும் தாளில் எழுதி வைத்திருக்கிறது.

அடுத்து மாற்ற வேண்டியது

2026 செப்டம்பர் 16 முதல் புதிய தொழிலாளர் ஒப்பந்தப்படி, சொந்த அணி அதிகபட்சம் ஏழு ஆண்டு, வெளி அணி ஆறு ஆண்டுதான் கொடுக்கலாம். அதற்கு முன் எட்டும் ஏழும். மார்னரின் எட்டாம் ஆண்டு, டொரொன்டோ கையெழுத்திட்டு வேகாஸுக்கு மாற்றியதால் கிடைத்தது. அந்த வழியின் பயன் இனி ஏழாம் ஆண்டோடு நிற்கும். தாளில் நம் விங்கரை ஆறு ஆண்டுக்கு வெட்டினால் 7.7 மில்லியன் வருகிறது, அதாவது கடைசி ஆண்டை வெட்டுவதற்கு ஆண்டுக்கு இரண்டு லட்சம் டாலர் கூடுதல். முகவர்கள் இதைவிட அதிகம் கேட்பார்கள். எவ்வளவு அதிகம் என்பதற்கு ஒரு வெற்றுக் கட்டம் வைத்து, புதிய விதியில் முதல் சில ஒப்பந்தங்கள் வந்ததும் நிரப்ப வேண்டும்.