அரை அங்குலமா, பதின்மூன்றா?

அப்பா பாண் ஏற்றிய 1967ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் வான் இப்போது என்னிடம். திருகோணமலை உவர்மலை ஏற்றத்தில் கிளட்சை மிதித்தால் கால் முன்னுக்குப் போகும், சீட் பின்னுக்குப் போகும். இரண்டு வருடமாக ஒரு மரக்கட்டையை முட்டுக்கொடுத்தே ஓடினேன்.

போன மாதம் லண்டனில் இருக்கும் மச்சான் புது பிராக்கெட்டும் போல்ட்டும் அனுப்பிவைத்தான். ஞாயிறு காலை இரண்டு மணித்தியால வேலை என்றுதான் நினைத்தேன்.

சாரதி சீட்டுக்கு நான்கு போல்ட். இரண்டு அரை அங்குல ஸ்பனருக்குக் கழன்றன. மற்ற இரண்டின் தலையில் அது நுழையவேயில்லை. கறள் ஏறித் தடித்துவிட்டது என்று 13 மி.மீ. ஸ்பனரை எடுத்துக் கழற்றினேன். அந்த இரண்டு துளையிலும் புது போல்ட் இரண்டு சுற்றுப் போய் இறுகி நின்றது. அதுவும் கறள்தான் என்று டீசல் ஊற்றிவிட்டுத் தேநீர் குடித்தேன். வீடு டச்பே பக்கம். இங்கே எதற்கும் கடற்காற்றைத் திட்டிப் பழகிவிட்டது.

பக்கத்துத் தெரு லேத் அண்ணன் வந்தார். பழைய போல்ட்டையும் புதியதையும் பல்லோடு பல் பொருத்தி வெயிலுக்கு நேரே பிடித்தார். இடையில் வெளிச்சம் தெரிந்தது.

"தம்பி, இது கறள் இல்ல. மரை வேற."

மைனர் இங்கிலாந்து வண்டி. அதன் போல்ட் 5/16 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை. அதாவது 7.94 மி.மீ. தடிப்பு. 13 ஸ்பனர் பிடிக்கும் 8 மி.மீ. போல்ட்டும் கண்ணுக்கு அதேதான். ஆனால் மரைக்கு மரை 1.25 மி.மீ., அங்குலத்துக்கு 20 சொச்சம். யாரோ ஒருவர் எப்போதோ அதை முறுக்கி ஏற்றியிருக்கிறார். மரை நசுங்கிப்போய், ஒரு நட் தரையிலிருந்து பிய்ந்தும் சுற்றியது.

டாப் (மரை வெட்டும் கருவி) போட்டு மரையைச் சரிசெய்யலாமா என்று கேட்டேன். "சீட்டுக்கு வேணாம்" என்றார். சரி. பெட்ரோல் டாங்கியைக் கழற்றி வெளியே வைத்து, பற்றரி வயரையும் எடுத்துவிட்டு, 3 மி.மீ. தகட்டில் புது நட்டுகளைப் பற்றவைத்துத் தரைக்கு அடியில் பொருத்தினோம். மைனர் காருக்கு இல்லாத தனிச் சேஸி வானுக்கு உண்டு. அதற்குள் கையை நுழைத்ததில் என் முழங்கைத் தோல் போனது.

இப்போது ஏற்றத்தில் சீட் அசைவதில்லை. மரக்கட்டை அடுப்புக்குப் போய்விட்டது. நேற்று அம்மா ஏறி உட்கார்ந்து, "இந்தப் பக்கம் ஆடுதே" என்றார். குனிந்து ஸ்பனரை வைத்துப் பார்த்தேன். இடப்பக்க சீட்டின் நான்கு போல்ட்டுக்கும் 13தான் பிடிக்கிறது.