கூலி எழுதிய கை

2025 மே 8ஆம் தேதி இரவு எங்கள் வீட்டில் யாரும் தூங்கவில்லை. ரோமில் அது மாலை நேரம். புதிய திருத்தந்தை தேர்வாகிவிட்டார் என்று சிஸ்டைன் சிற்றாலயத்துப் புகைபோக்கியில் வெள்ளைப் புகை வந்தபோது இங்கே மலேசியாவில் நள்ளிரவு தாண்டியிருந்தது. உள்ளே இருந்த 133 கர்தினால்களில் எங்கள் பினாங்கு ஆயர் செபஸ்தியான் பிரான்சிஸும் ஒருவர் என்பதால், பாகான் செராய்ப் பக்கத்துத் தோட்ட வீடுகளில்கூட விளக்கு எரிந்தது. ஒரு மணிக்கு மேல் அவர் எடுத்துக்கொண்ட பெயரைச் சொன்னார்கள். லியோ. என் மனைவி சிலுவை போட்டுக்கொண்டாள். எனக்கு நினைவுக்கு வந்தது அலமாரியின் அடித்தட்டில் கிடந்த ஒரு மெல்லிய புத்தகம்.

நான் ஒரு செம்பனைத் தோட்டத்தில் 31 ஆண்டுகள் கிராணியாக, அதாவது செக்ரோல் என்ற கூலிப் பேரேட்டை எழுதுகிறவனாக இருந்தவன். 1987இல் வேலைக்குச் சேர்ந்த வாரமே எங்கள் பங்குச் சாமியார் அந்தப் புத்தகத்தைக் கையில் கொடுத்தார். திருத்தந்தை 13ஆம் லியோ தொழிலாளர் நிலை பற்றி 1891 மே 15 அன்று வெளியிட்ட 'ரேரும் நோவாரும்' என்ற சுற்றுமடல். "செக்ரோல் எழுதுகிறவன் இதைப் படிக்கணும்" என்றார். படித்தேன். நல்ல விஷயம் என்று நினைத்தேன். எடுத்து வைத்துவிட்டேன்.

புதிய திருத்தந்தை இரண்டு நாளில் பெயருக்கான காரணத்தைக் கர்தினால்களிடம் சொன்னார். முதல் பெரும் தொழிற்புரட்சியின் காலத்தில் 13ஆம் லியோ தொழிலாளர் பிரச்சினையை எடுத்துப் பேசினார். இன்று செயற்கை நுண்ணறிவு மனித மாண்புக்கும் நீதிக்கும் உழைப்புக்கும் புதிய சவால்களைக் கொண்டுவருகிறது என்றார். எங்கள் பங்கின் வாட்ஸ்அப் குழுவில் இதைப் பற்றி ஒரு வரி வரவில்லை. முதல் நாள் சிவப்பு மேலங்கி போட்டாரே, அப்படியென்றால் பழமைவாதியா? சிக்காகோவில் பிறந்தவர், பெரு நாட்டில் ஆயராக இருந்தவர், யார் பக்கம் நிற்பார்? பேச்சு இதிலேயே ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு மனம் கனத்தது. ஒரு பாப்பரசர் தன் பெயராலேயே கூலிக்காரனைப் பற்றிப் பேசியிருக்கிறார். கேட்க வேண்டியவர்கள் நாம்தானே?

நம் தாத்தா பாட்டிகளின் கதை அந்தச் சுற்றுமடலின் காலத்துக் கதை. 1891இல் இந்தக் கிரியான் வட்டாரத்தில் கரும்புத் தோட்டங்கள் இருந்தன. அங்கே தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாக வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஒப்பந்தத்தில் கைரேகை வைத்தாயிற்று, அப்புறம் என்ன பேச்சு என்பதுதான் அன்றைய நியாயம். மலாயாவில் அந்த முறை ஒழிந்தது 1910இல்தான். ஆனால் அதற்கு முன்பே ரோமிலிருந்து ஒருவர், ஒத்துக்கொண்டான் என்பதாலேயே கூலி நியாயமாகிவிடாது என்று எழுதிவிட்டார். வேறு வழியில்லாமலோ, இதைவிட மோசமானது வந்துவிடுமோ என்ற பயத்திலோ ஒருவன் குறைந்த கூலிக்குச் சம்மதித்தால், அவன் வன்முறைக்கும் அநீதிக்கும் பலியானவன் என்கிறது அந்தச் சுற்றுமடல். சிக்கனமாக வாழும் தொழிலாளி பிழைக்கும் அளவுக்காவது கூலி இருக்க வேண்டும் என்கிறது. அறுவடை செய்தவனின் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்ற யாக்கோபு திருமுகத்து வார்த்தையையும் எடுத்துச் சொல்கிறது.

செக்ரோல் என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். விடியுமுன் பெரட்டு. யார் வந்தார், யார் வரவில்லை என்று அங்கே பேர் எழுதுவார்கள். பிறகு ஆளாளுக்குத் தீம்பார், அதாவது வெட்ட வேண்டிய இடம், பிரித்து அனுப்புவார்கள். ஒவ்வொருவரும் எத்தனை குலை வெட்டினார், அதில் காய் எத்தனை, உதிரிப் பழம் எத்தனை மூட்டை என்று வேலையை மேற்பார்க்கும் மண்டோர் தன் சின்னப் புத்தகத்தில் குறித்துக்கொண்டு வருவார். சாயங்காலம் அதைப் பார்த்து நான் பெரிய பேரேட்டில் ஏற்றுவேன். பழுக்காத குலைக்குக் கூலியில் பிடிப்பு உண்டு. எனக்கு அது ஒரு கட்டத்தில் எழுதும் எண். அந்த எண்ணால் ஒரு வீட்டில் பால்மாவு டின் ஒன்று குறையும்.

மத்தேயு 20ஆம் அதிகாரத்தில் திராட்சைத் தோட்ட உவமை வருகிறது. காலையில் வந்தவனுக்கும் கடைசி ஒரு மணி நேரம் வேலை செய்தவனுக்கும் ஒரே தெனாரியம். பிரசங்கத்தில் முதலாளியின் தாராளத்தைப் பற்றிச் சொல்வார்கள், முணுமுணுத்தவர்களைப் பற்றிச் சொல்வார்கள். எனக்கு அந்தக் கதையில் கண் போவது இன்னொருவர் மேல். சாயங்காலம் முதலாளி நேரில் காசு கொடுப்பதில்லை. மேற்பார்வையாளரைக் கூப்பிட்டுக் கொடுக்கச் சொல்கிறார். அந்த மனிதர் ஒரு வரியில் வந்து போகிறார், வாய் திறப்பதில்லை. ஆனால் கொடுத்த கை அவருடையது. முதலாளி எவ்வளவு தாராளமாக இருந்தாலும் நடுவில் நிற்கிறவன் கை சுருங்கினால் அந்தத் தெனாரியம் போய்ச் சேராது.

2009இல் எங்கள் தோட்டத்தில் குலை வெட்டியவர்களில் பாதிப் பேர் இந்தோனேசியாவின் புளோரஸ் தீவுக்காரர்கள். நம்மைப் போலவே கத்தோலிக்கர்கள். லயத்து முனையில் இருக்கும் சிற்றாலயத்தில் அவர்கள் 'சலாம் மரியா' சொல்ல, நாங்கள் 'அருள்நிறைந்த மரியே' சொல்வோம். சாமியார் வராத வாரங்களில் நற்கருணை கொடுப்பது நான். அந்த ஆண்டு ஒரு மாதம், ஒரு புளோரஸ்காரர் பேரில் 40 காய்க்குலை என்று மண்டோர் எழுதிக் கொடுத்தார். அந்தக் குலைகள் கிடந்ததை நான் பார்த்திருந்தேன். அவை அவர் தீம்பாரிலிருந்து வந்தவை இல்லை என்று எனக்குத் தோன்றியது. கேட்கவில்லை. கணக்கு முடிக்கும் நாள், நேரமில்லை. 60 வெள்ளி (ரிங்கிட்) பிடித்தேன்.

சம்பளத்தன்று அவர் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "தாக் அப்பா" என்றார். பரவாயில்லை என்று அர்த்தம். போய்விட்டார். தன் பாஸ்போர்ட் தோட்ட அலுவலகத்துப் பெட்டியில் கிடக்க, ஒருவர் வேறென்ன சொல்வார்? அது சம்மதம் இல்லை. 13ஆம் லியோ எழுதிய அந்தப் பயம்தான் அது.

ஞாயிற்றுக்கிழமை நற்கருணை வரிசையில் அவர் வந்தார். இடது கையை வலது கைமேல் வைத்து நீட்டினார். செம்பனை முள் குத்தி உள்ளங்கை முழுக்கக் கறுப்புப் புள்ளிகள், கட்டை விரலடியில் ஆறாத வெடிப்பு. "கிறிஸ்துவின் உடல்" என்றேன். "ஆமின்" என்றார். அந்தக் கையில் ஆண்டவரை வைத்த என் கைதான் வெள்ளிக்கிழமை அந்த 60 வெள்ளியைக் குறைத்து எழுதியது. அதற்கடுத்து வந்தவர்களுக்கு எப்படிக் கொடுத்து முடித்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

திங்கள்கிழமை மண்டோரிடம் கேட்டேன். கோபப்பட்டார். புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தால் தீம்பார் நம்பர் மாறியிருந்தது. மேனேஜர், "உன் பொறுப்பில் திருத்திக்கொள்" என்றார். அடுத்த சம்பளத்தில் பாக்கியாகச் சேர்த்தேன். மண்டோர் மூன்று மாதம் என்னோடு பேசவில்லை.

அந்த ஜூலையில் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் திருவிழாவுக்குப் போனபோது பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொன்னேன். "கொடுத்துவிட்டீர்களா?" என்று கேட்டார் சாமியார். கொடுத்துவிட்டேன் என்றேன். "இவர் ஒருவர்தானா?" என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. திரும்பி வந்து பழைய பேரேடுகளை ஒரு வாரம் புரட்டினேன். சந்தேகப்படும்படி எத்தனையோ வரிகள். அந்தப் பெயர்களுக்குரியவர்களில் பலர் ஊர் போய்விட்டார்கள், சிலர் இறந்துவிட்டார்கள்.

இப்போது ஓய்வு. 2025 பிப்ரவரி முதல் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. வாரம் ஆறு நாள் வேலை என்றால் ஒரு நாளுக்கு 65 வெள்ளி 38 காசு. இந்தக் கணக்கு தெரியாத பிள்ளைகள் நிறைய. பூசை முடிந்ததும் சிற்றாலயத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து அவர்கள் சம்பளச் சீட்டைப் படித்துச் சொல்கிறேன். திருச்சபைச் செய்தி என்று யாராவது கேட்டால், எனக்கு இதுவும் திருச்சபைச் செய்திதான்.

போன வாரம் ஒரு பையன் சீட்டோடு சின்ன நாட்காட்டி ஒன்றையும் கொண்டுவந்தான். நாட்காட்டியில் 26 நாள் கோடு போட்டிருக்கிறான். சீட்டில் 23. மூன்று நாளுக்கு 196 வெள்ளி 14 காசு. அந்தத் தோட்டத்துக் கிராணி என்னிடம் வேலை பழகிய பெண். திங்கள்கிழமை அலுவலக நேரத்தில் போன் செய்தேன்.

"ஐயா, மண்டோர் கொடுத்ததைத்தான் எழுதினேன்" என்றாள்.

"தெரியும்மா. பெரட்டுப் புத்தகத்தையும் கொஞ்சம் எடுத்துப் பாரேன்."

சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு நாற்காலி நகரும் சத்தமும், தாள் புரட்டும் சத்தமும் கேட்டன.