ஹெட்செட்ல இருக்கிற 7.1 பட்டனும் நானும்

ஆன்லைன் துப்பாக்கி கேம்ல எதிரி பின்னாடி வர்றான்னு நெனச்சு டக்குனு திரும்பினேன், அவன் பாத்தா முன்னாடி கதவு வழியா சாவகாசமா வந்து முதுகுல சுட்டுட்டுப் போயிட்டான். ஒரு தடவைன்னா பரவால்ல, அந்த வாரம் முழுக்க இதே கதைதான். டீம்ல இருக்கிறவங்க "டேய் உனக்கு காது கேக்குதா இல்லையா"ன்னு மைக்ல கழுவிக் கழுவி ஊத்துறாங்க. கொடுமை என்னன்னா, அந்த வாரம்தான் பழைய ஸ்டீரியோ ஹெட்செட்டை ஓரமா தூக்கி வெச்சுட்டு, அட்டைப்பெட்டி மேல கொட்டை எழுத்துல 7.1 சரவுண்ட்னு (அதாவது சத்தம் நம்மளைச் சுத்தி எல்லாப் பக்கமும் இருந்து வர்ற மாதிரி கேக்கும்னு) போட்ட புதுசை மாட்டியிருந்தேன். எந்த கம்பெனின்னு சொல்லல, அந்த எழுத்தைப் போட்டு விக்காத ஆளுங்க கம்மிதான்.

கடுப்புல உக்காந்து இது எப்படித்தான் வேலை செய்யுதுன்னு நோண்ட ஆரம்பிச்சேன், அதுல புரிஞ்சதை இங்க கொட்டி வெக்கிறேன், யாருக்காவது உதவும்.

நமக்கு இருக்கிறது ரெண்டே காது. அத வெச்சுத்தான் சத்தம் எந்தப் பக்கத்துல இருந்து வருதுன்னு மூளை கண்டுபிடிக்குது. இடது பக்கம் யாராவது நடந்தா அந்த சத்தம் இடது காதுக்கு முதல்ல போகும், வலது காதுக்கு கொஞ்சம் லேட்டா போகும், அந்த லேட்டு எவ்ளோன்னா அதிகபட்சமே 0.7 மில்லிசெகண்ட் கிட்டத்தான், அந்த துக்குனூண்டு வித்தியாசத்தையும் மூளை கரெக்டா புடிச்சிடும். அதோட மண்டை நடுவுல குறுக்க நிக்கிறதால கீச்சுன்னு இருக்கிற சத்தமெல்லாம் மறுபக்க காதுல கம்மியா கேக்கும். கனமான சத்தத்துக்கு நேர வித்தியாசம், கீச்சு சத்தத்துக்கு அளவு வித்தியாசம், இந்தக் கணக்கை ராலே பிரபுங்கிற இங்கிலாந்து இயற்பியல் விஞ்ஞானி 1907லயே எழுதி வெச்சுட்டார்.

சரி, நேர் முன்னாடி ஒருத்தன் நின்னா? நேர் பின்னாடி நின்னா? ரெண்டு காதுக்கும் ஒரே நேரம், ஒரே அளவு. அப்ப முன் பின் எப்படி தெரியுது? இங்கதான் காது மடல் வருது. அதுல இருக்கிற கோணல்மாணல் மடிப்பெல்லாம் சும்மா இல்ல, சத்தம் வர்ற திசையைப் பொறுத்து சில அலைவரிசையைத் தூக்கி விடும், சிலதை அமுக்கும். சந்தேகம்னா கண்ணை மூடிட்டு உக்காந்து, யாரையாவது சாவிக்கொத்தை உங்க தலையைச் சுத்தி ஆட்டச் சொல்லுங்க, கையை நீட்டி திசையைக் காட்டிடுவீங்க. அப்புறம் ரெண்டு காது மடலையும் விரலால மண்டையோட சேத்து அமுக்கிப் புடிச்சுட்டு அதையே திரும்ப பண்ணுங்க. இடது வலது ஓரளவு வரும், மேல கீழ, முன் பின் எல்லாம் சொதப்பும். காது மடிப்புக்குள்ள அச்சு வெச்சு அடைச்சு 1998ல ஒரு ஆராய்ச்சியே பண்ணியிருக்காங்க, மேல கீழ சுத்தமா குழம்பிப் போய், சில வாரத்துல மூளை அந்தப் புதுக் காதுக்குப் பழகிடுச்சாம்.

ஆக ஒவ்வொருத்தர் காதும் கைரேகை மாதிரி தனி. இந்த 'திசைக்கேத்த மாதிரி சத்தம் மாறுற கணக்கு'க்குத்தான் எச்ஆர்டிஎஃப்னு பேரு. கேம் செட்டிங்ஸ்ல பாத்திருப்பீங்க.

இப்ப அந்த 7.1க்கு வருவோம். ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு, நிஜமாவே ஒவ்வொரு கப்புக்குள்ளயும் மூணு நாலு டிரைவர், அதாவது குட்டி ஸ்பீக்கர், வெச்சு அடைக்கிறது. இது இப்ப ரொம்ப அபூர்வம், கனமும் ஜாஸ்தி, முன் ஸ்பீக்கருக்கும் பின் ஸ்பீக்கருக்கும் நடுவுல ரெண்டு விரல் இடைவெளி கூட இருக்காது, அதுல எங்க இருந்து முன்னும் பின்னும் வரப் போகுது. இன்னொண்ணுதான் நாம எல்லாரும் வாங்குறது, உள்ள இருக்கிறது ரெண்டே டிரைவர், பக்கத்துக்கு ஒண்ணு, அதாவது பச்சையான ஸ்டீரியோ. கேம் எட்டு சேனல் அனுப்பும், அதுல ஒண்ணு பேஸுக்கு, அதாவது கனமான சத்தத்துக்கு, மீதி ஏழையும் உங்களைச் சுத்தி ஏழு ஸ்பீக்கர் நிக்கிற மாதிரி சாஃப்ட்வேர் கற்பனை பண்ணி, ஒரு பொதுவான மண்டை பொதுவான காதுங்கிற கணக்குல வடிகட்டி, கடைசில ரெண்டு சேனலாக்கி காதுல ஊத்தும். அந்தப் பொது மண்டை உங்க மண்டைக்கு கிட்ட இருந்தா நல்ல நேரம், இல்லன்னா பாத்ரூமுக்குள்ள உக்காந்து விளையாடுற மாதிரி இருக்கும். அதனாலதான் ஒரே ஹெட்செட்டை ஒருத்தன் அற்புதம்ங்கிறான், இன்னொருத்தன் குப்பைங்கிறான். ரெண்டு பேரும் பொய் சொல்லல.

அதுல இன்னொரு ஓட்டையும் இருக்கு. 7.1ல அந்த ஏழு ஸ்பீக்கரும் காது மட்டத்துல வட்டமா நிக்குது. மாடில ஒருத்தன் ஓடுறான்னா அதைச் சொல்ல அதுல ஸ்பீக்கரே கிடையாது. ஆனா கேம் எஞ்சினுக்கு ஒவ்வொரு காலடியும் எந்த இடத்துல எந்த உயரத்துல வருதுன்னு துல்லியமா தெரியும், அது நேரா எச்ஆர்டிஎஃப் கணக்குப் போட்டா நடுவுல ஏழு ஸ்பீக்கர் எதுக்கு? இது புதுசும் இல்ல, 90கள் கடைசியிலயே ஆரியல்னு ஒரு கம்பெனி ஏ3டின்னு சவுண்ட் கார்டுலயே இதைப் பண்ணிக் காட்டுச்சு, 1998ல வந்த ஹாஃப் லைஃப் கேம் அதை சப்போர்ட் பண்ணுச்சு. அப்புறம் 2007ல விண்டோஸ் விஸ்டா வந்து சவுண்ட் கார்டு வழியா போற அந்தப் பாதையையே மூடிடுச்சு, அதுக்கப்புறம் ரொம்ப நாளைக்கு ஸ்பீக்கர் சேனல் கணக்குலயே ஓட்டினாங்க. திரும்ப 2016ல கவுண்டர் ஸ்ட்ரைக் கேம் எச்ஆர்டிஎஃப் கொண்டு வந்துச்சு, அதே வருஷம் ஓவர்வாட்ச் ஹெட்ஃபோனுக்கான டால்பி அட்மாஸ்ங்கிற சரவுண்ட் சாஃப்ட்வேரோட வந்துச்சு, வாலரண்ட் 2021ல சேத்துக்கிச்சு.

இப்ப என் தப்பு என்னன்னு உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். கேம்ல எச்ஆர்டிஎஃப் ஆன், ஹெட்செட்ல 7.1 ஆன். பவர் கண்ணாடி மேல இன்னொரு பவர் கண்ணாடி போட்டுக்கிட்டு ரோடு தெரியலன்னு பொலம்பின கேஸ்.

நண்பன் ஒருத்தனை கஸ்டம் மேட்சுக்குள்ள இழுத்துப் போட்டு டெஸ்ட் பண்ணிப் பாத்தேன். நான் கண்ணை மூடிட்டு மவுஸை விட்டுட்டு நிப்பேன், அவன் இஷ்டத்துக்கு எங்கயாவது போய் நாலு எட்டு வெப்பான், நான் திசையைச் சொல்லணும். ரெண்டும் ஆன்ல இருந்தப்ப முன் பின் பாதிக்குப் பாதி தப்பு, அதுக்கு பூவா தலையா போட்டுட்டுப் போயிருக்கலாம். 7.1ஐ அணைச்சுட்டு கேம்ல இருக்கிறதை மட்டும் விட்டப்ப நெறைய கரெக்டா வந்துச்சு, மாடி கூட அப்பப்ப புடிபட்டுச்சு. இது என் காதுக்கு வந்த ரிசல்ட், ஆராய்ச்சி ஒண்ணும் இல்ல, நீங்களே பத்து நிமிஷம் செலவு பண்ணி பாத்துருங்க.

அப்ப ஒரு விஷயம் கவனிச்சேன், மவுஸைத் தொட விட்டா சாதா ஸ்டீரியோலயே முன் பின் தெரிஞ்சிடுது. லேசா வலது பக்கம் திரும்புங்க, சத்தம் இடது காதுக்கு நகர்ந்தா ஆள் முன்னாடி இருக்கான், வலது காதுக்கு நகர்ந்தா பின்னாடி. நிஜத்துல நாம தலையை ஆட்டிக் கண்டுபிடிக்கிற அதே வேலைதான். நல்லா ஆடுறவங்க மவுஸை சும்மா இருக்க விடாம ஆட்டிட்டே இருக்கிறதுக்கு இதுவும் ஒரு காரணம்னு நெனைக்கிறேன்.

அதுக்காக சரவுண்ட் வேஸ்டுன்னு சொல்ல வரல. ஹெட்ஃபோனுக்குன்னு தனி ஆப்ஷனே இல்லாம ஸ்பீக்கர் மிக்ஸ் மட்டும் தர்ற கேம் இருக்கு, கதை கேம்ல மழை பெய்யுறப்ப, காட்டுக்குள்ள தனியா நடக்குறப்ப சத்தம் மண்டைக்குள்ள இல்லாம வெளிய விரிஞ்சு கேட்டா அது ஒரு சுகம்தான், அங்க நானே போட்டுக்குவேன். ஆனா அதுக்கு பெட்டி மேல 7.1னு எழுதியிருக்கணும்னு அவசியமே இல்ல. விண்டோஸ்லயே இதே வேலையைப் பண்ற விண்டோஸ் சோனிக் இலவசமா இருக்கு, காசு குடுத்தா டால்பி அட்மாஸ் இருக்கு, எந்த ஸ்டீரியோ ஹெட்ஃபோன்லயும் ஓடும். பிளேஸ்டேஷன் 5 டெம்பஸ்ட்னு தானே கணக்குப் போட்டுக்குது, அதுக்கும் சாதா ஹெட்ஃபோன் போதும். பல 7.1 ஹெட்செட்ல அந்த சரவுண்ட் அதோட யூஎஸ்பி டாங்கிளும் சாஃப்ட்வேரும் இருந்தாத்தான் வேலை செய்யும், 3.5 மில்லிமீட்டர் ஜாக்ல வேற எதுலயாவது சொருகினா வெறும் ஸ்டீரியோ.

அதனால காசை எதுல போடணும்னா, மூணு மணி நேரம் மாட்டினாலும் காது வலிக்காத, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி கேக்குற நல்ல ஸ்டீரியோ. வீடு அமைதியா இருந்தா ஓபன் பேக், அதாவது கப்போட வெளிப்பக்கம் அடைக்காம திறந்திருக்கிற வகை, பாருங்க, சத்தம் விரிஞ்சு கேக்கும், ஆனா பக்கத்துல இருக்கிறவங்களுக்கும் கேக்கும். பேஸ் தூக்கலா இருக்கிறதுல குண்டு வெடிச்சா நெஞ்சு அதிரும், அந்த அதிர்வுக்குள்ள காலடி சத்தம் அமுங்கிப் போயிடும். சாதா ப்ளூடூத் வேணவே வேணாம், சத்தம் லேட்டா வரும், மைக்கை ஆன் பண்ணா பல சமயம் பழைய டெலிபோன் மாதிரி ஆயிடும். முக்கியமா இடது வலது பாத்து மாட்டுங்க, சிரிக்காதீங்க, ஒரு சாயந்திரம் முழுக்க மாத்தி மாட்டிட்டு ஆடி சர்வரைத் திட்டியிருக்கேன்.

அந்த ஹெட்செட்டைத் தூக்கிப் போடல, ஸ்டீரியோவா அது நல்லாத்தான் இருக்கு. என்ன, அந்த 7.1 பட்டன் வால்யூமுக்குப் பக்கத்துலயே இருந்து தொலைக்குது. போன வாரம் முக்கியமான ரவுண்டுல கை பட்டு திடீர்னு எல்லாரும் பாத்ரூமுக்குள்ள நடக்க ஆரம்பிச்சுட்டாங்க. இப்ப அது மேல டேப் ஒட்டி வெச்சிருக்கேன்.